உங்கள் போட்டோக்களை நாலு பேரோடு உட்கார்ந்து பார்ப்பது எப்படி?

செல்போனில் படம் எடுக்காதவர் இன்று அரிது. எடுத்த படத்தைப் பற்றி யாரோடாவது கால்மணி நேரம் பேசியவர் அதைவிட அரிது. ஸ்டேட்டஸில் போடுகிறோம். நாலு இதயம் வருகிறது, இரண்டு ‘சூப்பர்’ வருகிறது, மறுநாள் அந்தப் படம் அங்கே இருப்பதில்லை. எது நன்றாக வந்தது, எது வரவில்லை, ஏன் என்று தெரியாமலேயே அடுத்த நூறு படங்களையும் அதே மாதிரி எடுக்கிறோம்.

இந்தக் கட்டுரை, போட்டோ எடுப்பதைத் தொழிலாகக் கொள்ளாமல், தெரு, வீடு, டீக்கடை, பஸ் ஸ்டாப் என்று தினமும் கண்ணில் படுவதை ஆசையாக எடுப்பவர்களுக்கு. கேமரா எதுவானாலும் சரி, பழைய போனானாலும் சரி. சென்னையில் சில நண்பர்களோடு ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நடந்து படம் எடுத்து, அப்புறம் உட்கார்ந்து அவற்றைப் பற்றிப் பேசும் பழக்கத்திலிருந்து எழுதுகிறேன். இடங்களின் பெயரை மாற்றிக்கொண்டால் எந்த ஊருக்கும் பொருந்தும்.

படத்தில் இல்லாததும் நமக்குத் தெரியும்

நாம் எடுத்த படத்தை நாமே சரியாகப் பார்ப்பது கடினம். எடுத்த நேரத்தின் நினைவு மொத்தமும் கூடவே வந்துவிடும். தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரை எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சின்ன வயதிலிருந்தே உங்களைத் தெரிந்தவர். உங்கள் பள்ளிச் சீருடையைத் தேய்த்துத் தந்தவர். படத்தைப் பார்க்கும்போது அதெல்லாம் சேர்ந்தே உங்களுக்குத் தெரியும். மனசு இளகும். நல்ல படம் என்று முடிவு கட்டிவிடுவீர்கள்.

அதே படத்தைப் பார்க்கும் இன்னொருவருக்கு நான்கு விளிம்புக்குள் இருப்பது மட்டும்தான் தெரியும். அவர் கண் முதலில் போவது முன்னால் கிடக்கும் நீல நிற பிளாஸ்டிக் வாளிக்கு. அடுத்து, மதிய வெயிலில் வெளுத்துப்போன சட்டைக் குவியலுக்கு. இஸ்திரிக்காரரின் முகம் மரநிழலில் இருண்டு கிடப்பதால் அவர் மூன்றாவதாகத்தான் கண்ணில் படுகிறார். சில பேருக்குப் படவே மாட்டார்.

மனதில் இருப்பதில் எவ்வளவு படத்துக்குள் வந்து சேர்ந்திருக்கிறது என்பதை இன்னொரு ஜோடிக் கண்தான் சொல்ல முடியும். கூடி உட்கார்ந்து படம் பார்ப்பதன் பயன் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பாராட்டும் போட்டியும் எல்லாம் இதற்கு அப்புறம். அதிலும் தினசரிப் படங்களுக்கு இது மிகவும் தேவை. மயில் தோகை விரித்து நின்றால், புயலுக்கு முன் மெரினாவில் அலை எழுந்தால், விஷயமே பார்ப்பவரை இழுத்துவிடும். டீ ஆற்றும் கையையும் மொட்டைமாடியில் காயும் வடாமையும் எடுப்பவருக்கு அந்த உதவி கிடைக்காது. வெளிச்சம், நின்ற இடம், அழுத்திய நொடி மூன்றும் சேர்ந்தால்தான் அந்தப் படம் நிற்கும்.

முதலில் ஆட்கள்

நாலு முதல் ஏழு பேர் போதும். அதற்கு மேல் போனால் ஒவ்வொருவர் படத்துக்கும் நேரம் கிடைக்காது. வயதும் வேலையும் கலந்திருந்தால் நல்லது. கல்லூரி மாணவர் கவனிப்பதும் பணி ஓய்வு பெற்ற பாங்க் அதிகாரி கவனிப்பதும் வேறு வேறு.

ஆட்களைப் பிடிக்க எளிய வழி, போட்டோவாக் எனப்படும் நடைகள். சென்னை வீக்எண்ட் கிளிக்கர்ஸ் போன்ற குழுக்கள் பல ஆண்டுகளாக வாரக் கடைசிகளில் இப்படி நடை நடத்தி வந்திருக்கிறார்கள். மயிலாப்பூர் மாட வீதி, சௌகார்பேட்டை, காசிமேடு மீன்பிடித் துறைமுகம் என்று ஓர் இடத்தில் கூடி நடப்பார்கள். பெரிய கூட்டத்தில் நடக்கும்போதே, யார் அவசரப்படாமல் ஓர் இடத்தில் நின்று பார்க்கிறார் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். அவரிடம் பேசுங்கள். அலுவலகத்திலும் அடுக்குமாடிக் குடியிருப்பிலும்கூட இப்படிப்பட்டவர் ஒருவராவது இருப்பார்.

வீட்டு ஆட்களிடம் கருத்துக் கேட்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அவர்கள் உங்களைப் பார்ப்பார்களே தவிரப் படத்தைப் பார்க்க மாட்டார்கள். அம்மாவுக்கு எல்லாப் படமும் பிடிக்கும். தம்பிக்கு எதுவும் பிடிக்காது. அவர்களுக்கும் காட்டுங்கள், அது வேறு சந்தோஷம்.

குழுவுக்கு ஒரே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: வருகிறவர் எல்லாரும் படம் கொண்டுவர வேண்டும். தன் படத்தை நடுவில் வைத்தவர்தான் இன்னொருவர் படத்தைப் பற்றி யோசித்துப் பேசுவார்.

எதைக் கொண்டுபோவது

ஒரு சந்திப்புக்கு மூன்று படங்கள். இருபது கொண்டுபோனால் யாரும் எதையும் பார்க்க மாட்டார்கள், விரலால் தள்ளிக்கொண்டே போவார்கள். அந்த மூன்றைத் தேர்ந்தெடுப்பதே ஒரு பயிற்சி, அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

எடுத்த அன்றே தேர்ந்தெடுக்க வேண்டாம். ஒரு வாரம் விடுங்கள். வெயிலில் அலைந்த களைப்பும், அந்த ஆளோடு பேசிய சந்தோஷமும் அடங்கட்டும். அப்புறம் கேலரியைத் திறந்து, படங்களைப் பெரிதாக்காமல் சின்னச் சின்னக் கட்டங்களாகவே பாருங்கள். அந்த அளவில் முகபாவம், விவரம் எதுவும் தெரியாது. இருட்டும் வெளிச்சமும் எந்த வடிவத்தில் கிடக்கின்றன என்பது மட்டும் தெரியும். சின்னக் கட்டத்திலேயே கண்ணைப் பிடித்து நிறுத்தும் படங்களைத் தனியாக ஓர் ஆல்பத்தில் போடுங்கள்.

ஒரே காட்சியை ஏழு தடவை எடுத்திருப்பீர்கள். எல்லாரும் அப்படித்தான் எடுக்கிறோம், எடுக்கவும் வேண்டும். ஆனால் அதில் ஒன்றுதான் போக வேண்டும். இரண்டுக்கு நடுவில் உண்மையாகவே குழப்பம் என்றால் இரண்டையும் கொண்டுபோய், ‘எது?’ என்று கேளுங்கள். நல்ல பேச்சு அங்கேதான் பிறக்கும்.

மூன்றில் ஒன்று, உங்களுக்குப் பிடித்தும் ஏனோ சரியாக வராத படமாக இருக்கட்டும். மூன்றுமே உங்கள் மிகச் சிறந்த படங்களாக இருந்தால் நீங்கள் பாராட்டுக்காக வந்திருப்பதாகவே மற்றவர்கள் எடுத்துக்கொள்வார்கள், அதற்கேற்றபடியே பேசுவார்கள்.

எப்படிக் காட்டுவது

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கித்தான் போகிறது. பகல் வெளிச்சத்தில் எடுத்ததற்கு அது பெரிதாகத் தெரியாது. இரவில் எடுத்த தள்ளுவண்டிக் கடைப் படத்தை அப்படி அனுப்பினால் இருட்டுப் பகுதியெல்லாம் திட்டுத் திட்டாகிவிடும், பார்ப்பவர் அதை உங்கள் குறையாக நினைப்பார். அனுப்பும் திரையில் மேலே இருக்கும் எச்டி என்பதைத் தட்டி அனுப்புங்கள், அது 2023 முதல் இருக்கிறது. முழு அளவில் போக வேண்டும் என்றால் டாக்குமென்டாக அனுப்பலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். டாக்குமென்டாகப் போகும் படத்தோடு, எடுத்த தேதி, நேரம், போனில் லொகேஷன் ஆன் செய்திருந்தால் எடுத்த இடம் எல்லாம் சேர்ந்தே போகும். வீட்டுக்குள் எடுத்த படம் என்றால் உங்கள் வீடு எங்கே இருக்கிறது என்பதும் போகிறது. கேமரா செட்டிங்கில் லொகேஷனை அணைத்து வைப்பது நல்லது. கூகுள் போட்டோஸில் பொது ஆல்பம் திறந்து, எல்லாரும் அதில் படம் சேர்த்துக் கருத்தும் எழுதலாம். நேரில் சந்திக்க முடியாத வாரங்களில் எங்களுக்கு அது கைகொடுக்கிறது.

போனில் பார்க்கும்போது எல்லாரும் கண்ணுக்கு இதமான மஞ்சள் திரை அமைப்பை அணைத்துவிட்டு, வெளிச்சத்தை முக்கால்வாசி ஏற்றிவையுங்கள். ‘படம் மஞ்சளா இருக்கே’ என்று நடக்கும் வாதங்களில் பாதி இதனால் வருபவைதான்.

இதெல்லாம் சொன்னாலும், என் விருப்பம் பிரிண்ட்தான். மூன்று படங்களையும் 4×6 அங்குலத்தில் பிரிண்ட் போட்டுக்கொண்டு போங்கள். மேஜையில் வைத்த பிரிண்டை யாரும் விரலால் தள்ள மாட்டார்கள். கையில் எடுத்து, கிட்டே கொண்டுபோய், தள்ளிப் பிடித்துப் பார்ப்பார்கள். பக்கத்துப் பிரிண்டோடு சேர்த்து வைப்பார்கள், தலைகீழாகக்கூடத் திருப்பிப் பார்ப்பார்கள். தலைகீழாகப் பார்த்தால் விஷயம் மறைந்து வடிவம் மட்டும் தெரியும், அதுவும் ஒரு நல்ல சோதனை.

பிரிண்ட் போடும்போது ஒன்று. போன் படம் பெரும்பாலும் 4:3 விகிதத்தில் இருக்கும். 4×6 தாள் 3:2. தாள் நிரம்ப வேண்டும் என்று லேபில் அப்படியே விட்டால், படத்தின் அகலமான பக்கத்தை வைத்துக்கொண்டு, மற்றப் பக்கத்தில் ஒன்பதில் ஒரு பங்கை வெட்டிவிடுவார்கள். போனைப் படுக்கைவாக்கில் பிடித்து எடுத்த படத்தில், நிற்பவரின் பாதம் போய்விடும். ‘கட் ஆகாம, வெள்ளை பார்டர் விட்டுப் போடுங்க’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பழைய தினக்காலண்டர் அட்டையிலிருந்து ‘ட’ வடிவத்தில் இரண்டு துண்டுகள் வெட்டிக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் எதிரெதிராக பிரிண்ட் மேல் வைத்தால் நாலு பக்கமும் அடைத்த ஒரு சட்டம், அதாவது ஃபிரேம், கிடைக்கும். நகர்த்தி நகர்த்தி, இந்தப் பக்கம் வெட்டினால் எப்படி, மேலே குறைத்தால் எப்படி என்று எல்லாரும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். செலவே இல்லாத இந்த இரண்டு அட்டைகளைப்போலப் பயன்பட்ட பொருள் எங்கள் குழுவில் வேறு இல்லை.

கதை சொல்லாதீர்கள், கேள்வி கேளுங்கள்

படத்தை வைத்தவுடன் வாய் தானாகவே விளக்கத் தொடங்கும். ‘இவர் எங்க தெருவுல முப்பது வருஷமா வண்டி போட்டிருக்கார், ரொம்ப நல்லவர்…’ என்று. பொறுங்கள். நீங்கள் சொல்லிவிட்டால் மற்றவர்களும் அந்தக் கதையோடு சேர்த்தே படத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள், அப்புறம் அவர்கள் கண்ணும் உங்கள் கண்ணாகிவிடும். முதல் இரண்டு நிமிடம் எடுத்தவர் பேசக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். கதையைக் கடைசியில் சொல்லலாம். அப்போது எல்லாரும் ஆவலாகக் கேட்பார்கள்.

‘எப்படி இருக்கு?’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கு’ என்றுதான் பதில் வரும், நம் ஊரில் அது மரியாதை. பதில் சொல்ல முடிகிற கேள்வியாகக் கேளுங்கள். உங்கள் கண் முதலில் எங்கே போனது? இதில் தேவையில்லாதது எது? இவர் கோபமாக இருப்பதாகத் தெரிகிறதா, களைப்பாக இருப்பதாகத் தெரிகிறதா? கலரில் வேண்டுமா, கறுப்பு வெள்ளையில் வேண்டுமா? வெயிலில் எடுத்ததா நிழலில் எடுத்ததா என்பது படத்துக்கு உதவுகிறதா? ஒரு படத்துக்கு ஒரு கேள்வி போதும்.

பார்ப்பவர் எப்படிப் பேசுவது

முதலில் இருப்பதைச் சொல்ல வேண்டும். நல்லது கெட்டது அப்புறம். ‘இடது பக்கம் ஒரு வாளி. நடுவில் சட்டைகள். பின்னால் ஒருவர் குனிந்திருக்கிறார், முகம் தெரியவில்லை.’ இப்படிச் சொல்வது குழந்தைத்தனமாகத் தோன்றும். செய்து பாருங்கள், ஐந்தாவது வாக்கியத்தில் யாரோ ஒருவர் மற்ற யாரும் கவனிக்காத ஒன்றைச் சொல்வார். எடுத்தவருக்கே அது புதிதாக இருக்கும்.

அந்த இஸ்திரி வண்டிப் படம் மேஜையில் இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். எடுத்தவர் ஒரு கல்லூரி மாணவர். எங்கள் குழுவில் பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்.

“தம்பி, எனக்கு முதல்ல இந்த வாளிதான் கண்ணுல படுது. அது வேணும்னு வெச்சதா?”

“இல்லக்கா. அங்கேயே இருந்துச்சு. நான் கவனிக்கவே இல்ல.”

“சட்டையெல்லாம் வெள்ளையா வெளுத்துப் போயிருக்கே. எத்தனை மணிக்கு எடுத்தது?”

“பன்னெண்டரை இருக்கும் சார்.”

“அவர் காலையில எத்தனை மணிக்குக் கடை போடுவார்?”

“ஏழு மணிக்கெல்லாம் வந்து கரி போட்டுப் பத்தவெப்பார்.”

“அப்போ புகை வருமில்ல?”

இந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான் இத்தனை பேச்சும். காலை ஏழு மணிக்கு வெயில் சாய்வாக விழும். மரத்துக்குக் கீழேகூட வெளிச்சம் வரும். இஸ்திரிப் பெட்டியின் கரியை விசிறும்போது எழும் புகையில் அந்த வெளிச்சம் படும். முகம் பெட்டியை நோக்கிக் குனிந்திருக்கும், கனலின் அருகில் இருக்கும். வாளியை நகர்த்த வேண்டியதில்லை, இரண்டு அடி வலது பக்கம் நின்றால் அது படத்துக்கு வெளியே போய்விடும். மாணவர் அடுத்த வாரம் போய்ச் செய்யக்கூடிய வேலை இது. அவருக்கு அந்த மனிதர் மேல் இருக்கும் அன்பும் இப்போதுதான் படத்துக்குள் வர வழி பிறக்கிறது.

கருத்து என்றால் இப்படி இருக்க வேண்டும். அடுத்த தடவை அங்கே போகும்போது கையாலோ காலாலோ செய்யக்கூடிய ஒன்றைச் சொல்வது. ‘இதுக்கு 85 எம்எம் லென்ஸ் வேணும்’ என்று சொல்வதால் போன் வைத்திருப்பவருக்கு ஒரு பயனும் இல்லை. ‘கம்போசிஷன் வீக்’, அதாவது படத்தின் அமைப்பு சரியில்லை, என்பதும் அப்படித்தான். எங்கே வீக், எதை எங்கே நகர்த்தலாம் என்று சொல்ல வேண்டும். சொல்ல முடியவில்லையா, ‘எனக்கு என்னவோ உறுத்துது, என்னன்னு தெரியல’ என்று நேர்மையாகச் சொல்லலாம். மற்றவர்கள் அதைக் கண்டுபிடிக்க உதவுவார்கள்.

புதிதாக வந்தவர் தன் படத்தைப் பற்றிய கருத்தைக் கேட்கும்போது ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எல்லாக் கருத்தையும் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அந்த இடத்திலேயே மறுத்து வாதாட வேண்டாம். ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மூன்று பேர் தனித்தனியாக ஒரே இடத்தைக் காட்டினால் அங்கே ஏதோ இருக்கிறது. ஒருவர் மட்டும் சொன்னால் அது அவர் ரசனையாக இருக்கலாம்.

அடிக்கடி மேஜைக்கு வரும் சில விஷயங்கள்

நம் ஊர்ப் படங்களில் திரும்பத் திரும்ப வரும் சிக்கல்கள் சில உண்டு. முதலாவது வெள்ளை வேட்டி. நம் வெயில் கடுமையானது, நம் தோல் நிறம் மாநிறமோ கறுப்போ, உடுத்துவது வெள்ளை. கேமரா எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் அளவு வெளிச்சத்துக்குக் கொண்டுவரத்தான் பார்க்கும். இருண்ட முகத்தைப் பார்த்து வெளிச்சத்தை ஏற்றினால் வேட்டி வெறும் வெள்ளைத் தாளாகிவிடும், மடிப்புகூடத் தெரியாது. வெள்ளைச் சுவர் சாம்பலாக வருவதும், கறுத்த எருமை வெளுத்து வருவதும் இதே காரணத்தால்தான். போனில் வேட்டியின் மேல் விரலால் தட்டி, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுங்கள். இருண்ட முகத்தை எடிட்டில் ஓரளவு மீட்டுவிடலாம். வெளுத்துப்போன வேட்டியை மீட்க முடியாது. அதைவிட எளிய வழி, ஆளை நிழலுக்கு வரச் சொல்வது. அல்லது காலை எட்டு மணிக்குள் எடுப்பது. சென்னையில் மே மாதக் கடைசியில் சூரியன் 5.45க்கு முன்பே வந்துவிடும், ஜனவரியில் 6.30 தாண்டிவிடும். நடை தொடங்கும் நேரத்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்தது முகம். போனின் பிரதான லென்ஸ் பெரும்பாலும் 24 முதல் 26 எம்எம் அளவுக்கு இணையான, அகன்ற லென்ஸ். மிக அருகில் போனால் மூக்கு பெரிதாகும், ஓரத்தில் நிற்பவர் முகம் இழுபடும். இரண்டடி பின்னால் போய் 2 எக்ஸ் ஜூம் வைத்து எடுத்தால் முகம் முகமாக வரும். பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் மோடில் எடுத்த படங்களில் தலையில் வைத்த மல்லிகைச் சரத்தைப் பாருங்கள். மென்பொருள் அதைப் பின்னணி என்று நினைத்துப் பாதியைக் கலைத்துவிட்டிருக்கும். காட்டும் முன் அதைச் சரிபார்ப்பது நல்லது.

லென்ஸைச் சட்டை நுனியால் துடைத்துவிட்டு எடுங்கள். விளக்குகளைச் சுற்றிப் புகை மாதிரி வருவதெல்லாம் பெரும்பாலும் விரல் ரேகைதான்.

எடிட் செய்தால் ஏமாற்றா?

எந்தக் குழுவிலும் இந்த வாதம் வரும். தெருப் படம் என்றால் மேலே கேபிள் வயர்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடும். இன்று போனிலேயே ஒரு தட்டில் அழித்துவிடலாம். அழிக்கலாமா?

இந்தக் கேள்வி போன் வந்ததால் வந்ததல்ல. 1858இல் மதுரை, தஞ்சாவூர், ஸ்ரீரங்கம், புதுக்கோட்டைக் கோயில்களையும் தெருக்களையும் படம் எடுத்த லின்னேயஸ் ட்ரைப், மெட்ராஸ் அரசின் அதிகாரபூர்வப் புகைப்படக்காரர். அவர் காலத்துக் காகித நெகட்டிவில் வானம் வெறுமையாகத்தான் விழும், நீல வெளிச்சம் மட்டும் அந்தக் காகிதத்தில் அவ்வளவு அதிகமாகப் பதியும். அவர் நெகட்டிவிலேயே வண்ணம் பூசி மேகங்களைச் சேர்த்திருக்கிறார், மரத்தின் இலைகளையும் திருத்தியிருக்கிறார். ஆகவே கைவைப்பது என்பது இந்தக் கலை நம் ஊருக்கு வந்த நாட்களிலேயே உண்டு.

என் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். வெளிச்சம், நிறம், சாய்வு, வெட்டு இவற்றைத் தாராளமாகத் திருத்துங்கள். இருந்ததை அழிப்பது, இல்லாததைச் சேர்ப்பது இரண்டையும் தினசரிப் படங்களில் செய்ய வேண்டாம். வயர் ஓடும் தெருதான் நம் தெரு. இருபது ஆண்டுகள் கழித்து அந்த வயர்களே அந்தப் படத்தில் சுவையான விஷயமாக இருக்கும். எங்கள் குழுவில் இதை ஏற்காதவர்களும் இருக்கிறார்கள், தாராளமாக அழிக்கிறார்கள். அதில் ஒன்றும் சண்டை இல்லை. அழித்திருந்தால் அழித்தேன் என்று மேஜையில் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். சொல்லாவிட்டால் மற்றவர்கள் இல்லாத ஒரு தெருவைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

படத்தில் இருப்பவர்

தினசரிப் படம் என்றாலே அதில் யாரோ ஒருவர் இருப்பார். அவர் உங்கள் மேஜைக்கு வரச் சம்மதித்தாரா என்பதைக் குழுவே கேட்க வேண்டும். தெருவில் நின்று எடுத்தது சட்டப்படி குற்றமில்லை என்பது போதுமான பதில் ஆகாது.

காசிமேட்டில் விடிகாலை மீன் ஏலம் நடக்கும்போது கேமராக்காரர்கள் கூட்டமாகப் போவதுண்டு. அங்கே இருப்பவர்களுக்கு அது வேலை நேரம். கூடை தூக்கிக்கொண்டு வருபவர் வழியில் நின்று முகத்துக்கு நேராக லென்ஸை நீட்டினால் அவர்கள் திட்டுவது நியாயம். ஓரமாக நின்று, முதலில் பத்து நிமிடம் வெறுமனே பாருங்கள். பிறகு ‘அக்கா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?’ என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் சரி என்று நகர வேண்டியதுதான். எடுத்த பிறகு திரையைக் காட்டுங்கள். கேட்டால் படம் இயல்பாக வராது என்பார்கள். கேட்டுவிட்டு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றால், அவர்கள் தங்கள் வேலைக்குத் திரும்பிவிடுவார்கள், அப்புறம் எல்லாம் இயல்பாகத்தான் வரும்.

பிறர் குழந்தைகளின் படத்தைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் எங்கும் பகிராதீர்கள். குளிப்பவர், தூங்குபவர், துக்க வீட்டில் இருப்பவர் படங்களை மேஜைக்குக் கொண்டுவராமல் இருப்பதே நல்லது. தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. ஆகவே கோயில் நடை என்றால் கோபுர வாசலோடும் மாட வீதியோடும் நிறுத்திக்கொள்ளுங்கள். மாமல்லபுரம் போன்ற தொல்லியல் துறை இடங்களில் ட்ரைபாட் வைக்க முன் அனுமதி வேண்டும்.

குழுவுக்குள் வரும் படங்களுக்கும் இதே மரியாதை உண்டு. படம் எடுத்தவருக்குத்தான் பொதுவாக அதன் உரிமை, இந்தியச் சட்டப்படி அது எடுத்தவரின் வாழ்நாள் முழுவதும், அவருக்குப் பிறகு 60 ஆண்டுகளும் இருக்கும். நண்பர் படத்தை அவரிடம் கேட்காமல் வேறு குழுவுக்கு ஃபார்வர்ட் செய்யாதீர்கள். அவர் பெயரைச் சேர்த்து அனுப்பினாலும் கேட்டுவிட்டுத்தான்.

அடுத்த சந்திப்பு

முதல் சந்திப்பு முடிந்து கிளம்பும்போது, ஒவ்வொருவரும் தன் மூன்றில் ஒரு படத்தை மறுபடி எடுத்துவருவதாகச் சொல்லிவிட்டுப் போங்கள். அதே இடம், அதே ஆள், வேறு நேரம். புதுப் புது இடமாகத் தேடி அலைவதைவிட இதில் கற்றுக்கொள்வது அதிகம். அடுத்த முறை பழைய பிரிண்டையும் புதிய பிரிண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது, யாரும் கருத்துச் சொல்லாமலேயே பாதி விஷயம் விளங்கிவிடும். சில சமயம் பழையதே நல்லது என்றும் தெரியவரும்.

கூடவே, எடுத்தவருக்கு ஒரு பிரிண்ட் என்றால் படத்தில் இருப்பவருக்கும் ஒன்று போடுங்கள். இஸ்திரிக்காரருக்கு, மீன்கார அக்காவுக்கு, டீக்கடைக்காரருக்கு. அவர்கள் அதைப் பார்த்துச் சொல்லும் கருத்தையும் நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். ‘என்னப்பா, பெட்டியவே காணோம், என்னைய மட்டும் எடுத்திருக்க’ என்று அவர் சொன்னால், அதுவும் ஃபிரேமைப் பற்றிய கருத்துதான், அதையும் மேஜையில் வையுங்கள்.

மாதம் ஒரு முறை சந்தித்தால் போதும். வாரா வாரம் வைத்தால் படம் எடுக்க நேரம் இருக்காது, இரண்டு மாதம் இடைவெளி விட்டால் குழு கலைந்துவிடும். கருத்து எழுதிய பிரிண்ட்களைப் பின்னால் தேதி போட்டு ஒரு பெட்டியில் சேர்த்துவையுங்கள். ஆட்கள் எட்டு ஒன்பது என்று கூடிவிட்டால் தயங்காமல் இரண்டு குழுவாகப் பிரியுங்கள், நடைக்கு மட்டும் ஒன்றாகப் போகலாம்.